கொஞ்சம் வெளுப்பா போடுங்க, சயா

சிரிக்காதீர்கள் என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிற போட்டோக்காரன் உலகத்தில் ஒருவன்தான் உண்டு; அவன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவன். நான் அந்த இனம். யாங்கோனில், கியாக்டடா பகுதியில், சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் என் கடை இருக்கிறது. கடையில் ஒரு பாதி எனக்கு. மறு பாதியில் ஜெராக்ஸும் லேமினேஷனும் செய்கிற கோ ஜோ உட்கார்ந்திருப்பார். அவர் பர்மியர், நான் தமிழன். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்தவர். வீட்டில் எனக்குச் செல்வம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சோ வின் என்று ஒரு பர்மியப் பெயர் வைத்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு நான் வெறும் சயா. வாத்தியாரையும் டாக்டரையும் கூப்பிடுகிற அதே மரியாதையை, கேமரா பிடித்த குற்றத்துக்காக எனக்கும் தருகிறார்கள்.

பாஸ்போர்ட் போட்டோவில் தன் முகத்தைப் பார்த்து "இது நானா?" என்று நொந்துபோனவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது எங்கள் ஊரில் பாதிப் பேர் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் என் தொழிலுக்குக் குறைவில்லை. எனக்குத்தான் ஒரு குறை. அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி குமாரை நேரில் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டும். ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துத் தருகிற என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. சிரிக்காதீர்கள்.

ஆணியில் தொங்குகிற கோட்டு

என் கடைச் சுவரில் ஆணி அடித்து மூன்று உடுப்புகள் மாட்டியிருக்கிறேன். ஒன்று கறுப்புக் கோட்டு, கட்டிய டையோடு. ஒன்று பர்மியப் பெரியவர்கள் சட்டைமேல் போடுகிற தைப்போன் என்கிற மேலங்கி. மூன்றாவது பெண்களுக்கான வெள்ளை எஞ்சி, அதாவது ரவிக்கை. உள்ளூர் அட்டைக்குப் படம் என்றால் பர்மிய உடுப்பு, வெளிநாடு என்றால் கோட்டு. இடுப்புக்குக் கீழே லோஞ்சி என்கிற கைலியும் ரப்பர் செருப்பும்தான் இருக்கும். படத்தில் அது தெரியாது.

ஒருநாள் லைங் தாயாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. ஜப்பானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று படம் எடுக்க வந்திருந்தாள். கோட்டைக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளாமல் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்பக்கத் தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். அழுக்காக இருக்கிறதோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட கோட்டு அது, சந்தையில் வாங்கினேன் என்று சொன்னேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, நேராக நின்று, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த மாதிரிக் காலர்தான் சயா நான் தைக்கிறது. நான் தைச்ச கோட்டெல்லாம் எப்பவோ கப்பலேறிப் போயிருச்சு. நான்தான் இன்னும் போட்டோவுக்கே வந்திருக்கேன்."

பொட்டு

எங்கள் தமிழ் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும்போது பொட்டை அழித்துவிடுவார்கள். பெண்கள் கொண்டையைப் பர்மியப் பெண்கள் போடுகிற மாதிரி உச்சியில் போட்டு, காதிலிருக்கிற தொங்கட்டானைக் கழற்றி, வெள்ளை எஞ்சியை மாட்டிக்கொள்வார்கள். படத்தைப் பார்க்கிற அதிகாரி கொஞ்சம் குறைவாகக் கேள்வி கேட்பார் என்று ஒரு நம்பிக்கை. அதே பெண் கோயில் திருவிழாவுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலைகொள்ளாமல் பூ வைத்து, குங்குமத்தோடு வந்து நிற்பாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒரு அம்மா பதினெட்டு வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பர்மிய மொழிதான் சரளம். அம்மா சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து மகளின் நெற்றியைத் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்து அந்த இடம் சிவந்தேபோய், பொட்டு இருந்தபோது தெரிந்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. "இப்பப் பாருங்க தம்பி, பர்மாப் புள்ள மாதிரி இருக்காள்ல?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, பர்மிய மொழியில் அம்மாவைக் கேட்டாள்:

"பொட்டை அழிச்சிட்டே, சரி. என் மூக்கை என்னம்மா பண்ணப்போறே?"

எந்த நாட்டுக்காரர்?

ஊ தெய்ன் என்று ஒரு பெரியவர்; ஊ என்றால் ஐயா மாதிரி. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், இரும்புப்பெட்டி மாதிரி கம்பீரம். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்; பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் படம் எடுக்க வந்தார். நான் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்து, அன்பாகத்தான் கேட்டார்: "பர்மிய மொழி நல்லா பேசுறீங்களே. நீங்க உங்க நாட்டிலேர்ந்து எப்போ வந்தீங்க?" கோ ஜோ லேமினேஷன் இயந்திரத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கேள்வி தினம் ஒரு தடவையாவது வரும் என்று அவருக்குத் தெரியும். நான் என் வழக்கமான பதிலைச் சொன்னேன்: "பெரியாஸ்பத்திரியிலேர்ந்து வந்தேன் ஐயா. அங்கேதான் பொறந்தேன். சைக்கிள் ரிக்‌ஷாவில கூட்டிட்டு வந்தாங்களாம்."

அவர் சிரித்தார். சிரித்தபிறகு அமெரிக்காக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மகள் வீடு நல்ல வீடாம், குளிர்தான் அதிகமாம். ஆனால் கடையில், பூங்காவில், பஸ்ஸில், எங்கே போனாலும் ஒரு தொல்லை. சொல்லச்சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கேமராவுக்குப் பின்னால் நின்றபடி, முகத்தை நேராக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியவன், என் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எல்லாரும் என்னைச் சீனாக்காரன்னு சொல்றாங்க சயா! மூஞ்சியைப் பார்த்த உடனே ஒரு மனுஷனை இந்த நாடுன்னு எப்படிச் சொல்லலாம்? அறிவு வேண்டாமா?"

வெளுப்பு

எங்கள் ஊரில் போட்டோ எடுப்பவன் செய்யவேண்டிய கடமைகளில் முதலாவது, ஆளை வெளுப்பாக்குவது. யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் முகத்தைத் திறந்தவுடன் என் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். கறுப்பர் மாநிறமாவார், மாநிறம் சிவப்பாகும், சிவப்பு காணாமலே போய்விடும். எங்கள் ஊர்ப் பெண்கள் முகத்தில் பூசுகிற தனக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசாமலே பூசிய குளிர்ச்சி. இதைச் செய்யாத கடைக்கு ஒருத்தரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள்.

அமெரிக்க விசாப் படத்தில் மட்டும் இந்தக் கைவரிசை கூடாது. முகத்தைத் திருத்தியிருந்தால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் விரலுக்குத்தான் தெரியவில்லை. கப்பலில் வேலை பார்க்கிற ஒருவர், வெயிலில் வெந்து கரிக்கட்டையாக இருப்பவர், படம் திரும்பி வந்த கோபத்தில் கடைக்கு வந்து, "நீங்க போட்ட கலரை நம்பி நான் போய் இறங்கினா, இந்த ஆளைக் கொன்னுட்டு இவன் வந்திருக்கான்னு பிடிச்சு உள்ளே போட்டுருவாங்க" என்றார். மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

என் தம்பி குமாருக்கு இந்த விஷயத்தில் என்னைவிட ஆசை அதிகம். அமெரிக்காவில் அவன் குடியுரிமைப் பிரமாணம் எடுத்த நாளில், கையில் சின்னக் கொடியோடு நிற்கிற படத்தை எனக்கு அனுப்பினான். அதை நான் முழுதாகப் பார்த்து, கண் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த தகவல் வந்துவிட்டது:

"அண்ணே, பேஸ்புக்கில போடணும், கொஞ்சம் வெளுத்து அனுப்பு. சிட்டிசன் ஆன நாளு, கறுப்பா இருந்தா நல்லாவா இருக்கு?"

தம்பியின் சட்டம்

குமார் இங்கிருந்து போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீசை அரும்பிய வயதில், ஒரு பையோடு பஸ் ஏறினான். நான்தான் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டினான். அண்ணனைத் தம்பி தட்டுகிற விதமா அது என்று அப்போது கோபம் வந்தது. இப்போது அந்தத் தோளைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். மியவாடி எல்லையில் ஆறு தாண்டினான். தாய்லாந்தில் கொஞ்ச காலம். அங்கிருந்து காய்கறி லாரியில் படுத்துக்கொண்டு மலேசியா. அங்கே பயந்து பயந்து பல வருஷம். கடைசியில் அகதி அட்டை கிடைத்து, அமெரிக்காவில் அயோவா என்கிற மாநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவனோடு பேசுவேன். அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. பேஸ்புக் இங்கே தடை என்பதால் கள்ள வழியில் போக வேண்டும். கரண்ட் இருக்க வேண்டும். அவனுக்கு மனசும் நன்றாக இருக்க வேண்டும். மூன்றும் அமைந்தால் சண்டை போடுவோம். குடியுரிமை கிடைத்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு. பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டி வருகிறவர்களையெல்லாம் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அவனோடு வேலை செய்கிற ஹோசே என்கிற குவாத்தமாலாக்காரனும் அப்படி வந்தவன்தானாம்.

"ஏண்டா, நீ மியவாடியில ஆத்தைத் தாண்டுனப்ப எந்தப் பேப்பரைக் காட்டுனே?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற அண்ணே. நான் வரிசையில நின்னேன். எத்தனை வருஷம் நின்னேன்னு உனக்குத் தெரியுமா? எத்தனை ஆபீஸு, எத்தனை கேள்வி? ராத்திரி போலீஸ் வந்தா கக்கூஸுக்குள்ள நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன். அவ்வளவும் பட்டுட்டு நான் வந்தேன். அவன் நேரா குதிச்சு வந்துட்டான்னா என் கஷ்டத்துக்கு என்ன மரியாதை?"

இதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. "ஹோசேயும் கக்கூஸுல நின்னு தூங்கியிருப்பான்டா" என்று மட்டும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்து, சிக்னல் போய்விட்டது. இரண்டில் எது முதலில் என்று தெரியவில்லை. எங்கள் தமிழில் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த கோ ஜோ என்ன சண்டை என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் ஜெராக்ஸ் தாளைத் தட்டி அடுக்கிக்கொண்டே, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்:

"உங்க தம்பி சொல்றதெல்லாம் எனக்குப் பழக்கமான பேச்சுதான் சயா. எங்க மாமா உங்க ஆளுங்களைப் பத்தி இதையேதான் சொல்லுவார்."

விருந்தாளி

இந்த நாட்டில் அடையாள அட்டைக்கு நிறம் உண்டு. முழுக் குடிமக்களுக்கு ரோஸ் நிறம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவர்களின் வம்சத்தில் எங்களைப் போல அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு நீலம். நீல அட்டையில் பர்மிய மொழியில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் சொன்னால் 'விருந்தாளிக் குடிமகன்'. தாத்தா வந்தார், அப்பா பிறந்தார், நான் பிறந்தேன், என் தலை நரைத்தது. இன்னும் விருந்துதான் முடியவில்லை.

குமாரைப் பார்க்கப் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தேன். படத்தை நானே ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். கோ ஜோ கேமரா பக்கம் நின்று, "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று இத்தனை வருஷத்துப் பாக்கியைத் தீர்த்துக்கொண்டார். அதன்பிறகு அலைச்சல். இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல், அங்கே போனால் அடுத்த மாதம். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்றுகூட ஒருவர் கேட்டார். அவர் மூட்டை இறக்கிய கப்பலைத்தான் நான் சொல்ல முடியும், அவர் ஏறி வந்த கப்பல் எனக்கெப்படித் தெரியும்? ஒரு இளைய அதிகாரி, நல்ல பையன், கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, உண்மையான சந்தேகத்தோடு அட்டையையும் என்னையும் பார்த்துக் கேட்டார்:

"விருந்தாளின்னா வந்தவங்கதானே ஊ சோ வின்? வந்தவங்க மறுபடியும் எங்கே கிளம்புறீங்க?"

இடைவெளி

இப்போது எனக்குப் பாதி வேலை வேறு மாதிரி. ஊரைவிட்டுப் போன பிள்ளைகளைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் வந்து நிற்பார்கள். போனவர் நிற்க வேண்டிய இடத்தில் இடைவெளி விடச் சொல்வேன். அவர் இருக்கிற ஊரிலிருந்து போனில் எடுத்து அனுப்பிய படத்தை அந்த இடத்தில் பொருத்துவேன். கோட்டுகூட மாட்டிவிடுவேன். முக்கியமானது, இருப்பவர்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்து ஒட்டி நிற்க வேண்டும். சிலர் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பார்கள்; அப்புறம் படத்தில் அண்ணனும் தங்கையும் சண்டைபோட்ட மாதிரி இருக்கும்.

மாவ்பியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சந்தையில் கீரை விற்கிறவர். பதினாறு வயதில் மலேசியாவுக்குப் போன மகன் படம் அனுப்பியிருந்தான், முகம் மட்டும். "மகன் தோள்மேல கை போட்டுக்கிற மாதிரி நில்லுங்கம்மா" என்றேன். வெறும் காற்றில் கையை நீட்டி, தோள் இருக்கிற உயரத்தில் வைத்து நின்றார். நான் கேமராவை அழுத்தப் போனேன். "இருங்க சயா" என்றார். 

"கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கிறேன். போய் மூணு வருஷமாச்சு. வளர்ந்திருப்பான்."

கதவு

ஒருவழியாகப் பாஸ்போர்ட் வந்தது, என் மனைவி மீனாவுக்கும் சேர்த்து. அவள் இரண்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அமெரிக்கா எப்படி இருக்கும், அங்கே மிளகாய்த்தூள் கொண்டுபோக விடுவார்களா என்றெல்லாம் பேசினோம். விசாவுக்கு விண்ணப்பிக்க உட்காரும் நேரத்தில் அமெரிக்கா எங்கள் நாட்டுக்காரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. இத்தனை காலம் நான் இந்த நாட்டுக்காரன்தான் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அமெரிக்காக்காரன் ஒருத்தன்தான் ஒப்புக்கொண்டு, நீ அந்த நாட்டுக்காரன், அதனால் வரக்கூடாது என்றான். கோ ஜோவும் நானும் முதல்முறையாக ஒரே வரிசையில் நின்றோம்.

குமாரிடம் சொன்னபோது நான் சண்டைக்கு இழுக்கவில்லை. கதவைச் சாத்து சாத்து என்றாயே, சாத்திவிட்டார்கள் பார் என்று சொல்ல நாக்கு துடித்தது; அடக்கிக்கொண்டேன். திரும்பி இங்கே வர அவனுக்குப் பயம். ஓடிப்போனவன் என்று பிடித்துக்கொள்வார்களோ என்று. ஆகவே வேறு வழி கண்டுபிடித்தான். தாய்லாந்துக்கு அவன் வரலாம், நானும் போகலாம். அடுத்த ஞாயிறே உற்சாகமாகக் கூப்பிட்டான்:

"பாங்காக்குல சந்திப்போம் அண்ணே, லீவு சொல்லிட்டேன். நம்ம ஊரு மொஹிங்கா கிடைக்கிற சாப்பாட்டுக் கடை பக்கத்திலயே ரூம் போடுவோம். நீயும் நானும் அண்ணியும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும்."

கார் நிறுத்துகிற இடம்

நாங்கள் கிளம்ப இன்னும் சில வாரம் இருந்தது. மீனா அவனுக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள். ஒரு புதன்கிழமை, பேசாத நாளில், குமார் கூப்பிட்டான். முந்தின நாள் ராத்திரி வேலை முடிந்து தொழிற்சாலைக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்திருக்கிறான். அவனும் ஹோசேயும் ஒரே காரில் போவது வழக்கம். சண்டை போட்டுக்கொண்டே போவார்களாம். முகத்தை மூடிய குடியேற்றப் போலீஸ் ஆட்கள் வந்து இரண்டு பேரையும் காரில் சாய்த்து நிறுத்திவிட்டார்கள். குமாரிடமும் ஸ்பானிஷ் மொழியில்தான் பேசியிருக்கிறார்கள். நான் சிட்டிசன் என்று இவன் இங்கிலீஷில் சொன்னது எடுபடவில்லை. பாஸ்போர்ட் வீட்டில், பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. கைகளைக் கட்டி, எங்கேயோ கொண்டுபோய் உட்கார வைத்து, விடிந்தபிறகு சரிபார்த்து விட்டுவிட்டார்கள். ஹோசே திரும்பி வரவில்லை. அவனுடைய சாப்பாட்டு டப்பா குமாரின் காரிலேயே கிடக்கிறது.

அவன் குரலை வைத்தே அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று பயமாக இருக்கிறதாம். சிட்டிசனுக்குப் பயமில்லை என்று வக்கீல் சொன்னாராம். பிடிபட்ட அன்றைக்கும் அவன் சிட்டிசன்தானே. வேண்டாம்டா, நீ அங்கேயே இரு என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு மீனாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஊறுகாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவனும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"எந்த நாட்டுலேர்ந்து வந்தேன்னு அந்த ஆபீசர் கேட்டான் அண்ணே. மியன்மார்னேன். எங்க ஊருல மியன்மார்க்காரங்க நிறைய பேரு இருக்காங்க, அவங்க மூஞ்சி இப்படி இருக்காதேங்குறான். இதைக் கேக்கவா நான் அவ்வளவு தூரம் வந்தேன்?"

எங்கள் படம்

யோசனை மீனாவுடையது. "ஊருக்கெல்லாம் ஆளைச் சேத்துக் குடுக்கிறீங்கள்ல, நமக்கும் ஒண்ணு சேருங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பொட்டை அழிக்காமல், பூ வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆணியில் தொங்கிய எதையும் நான் எடுக்கவில்லை. என் சட்டையே போதும் என்று நின்றேன். கோ ஜோ கேமராவைப் பிடித்தார். எனக்கும் மீனாவுக்கும் நடுவில் குமாருக்கு இடம் விட்டோம். நான் கையை நீட்டி அவன் தோளில் போட்டேன். எந்த உயரத்தில் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை. மாவ்பி அம்மாவை நினைத்துக்கொண்டு கொஞ்சம் மேலே தூக்கினேன்.

அங்கே குமார் தன் குளியலறைச் சுவரை ஒட்டி நின்றான். போன் வழியாக நான் சொல்லச்சொல்லத் தலையைத் திருப்பினான். பழக்கத்தில் "சிரிக்காதே" என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு அவன் சிரித்துவிட்டான், அந்தச் சிரிப்போடு படம் வந்தது. கரண்ட் போய், வந்து, சந்து முழுக்க எல்லோரும் "மீ லாபி!" என்று, அதாவது வெளிச்சம் வந்துவிட்டது என்று, வழக்கம்போலக் கத்திய பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அவனை எடுத்து நடுவில் வைத்தேன். என் கை சரியாக அவன் தோளில் உட்கார்ந்தது. கன்னம் ஒட்டி, முன்தலை வழுக்கை விழுந்து, அப்பா மாதிரி ஆகியிருந்தான். முடித்து அனுப்பிவிட்டு, பிடித்திருக்கிறதா என்று காத்திருந்தேன். எத்தனையோ வருஷமாக அவன் கேட்டு வாங்கிக்கொண்ட ஒன்றை, இந்தத் தடவை அவன் கேட்காமலே என் விரல் செய்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. குமார் உடனே கூப்பிட்டான்:

"என்னை எதுக்கு அண்ணே வெளுத்துட்டே? மறுபடி எடுத்து நம்ம கலர்லயே போடு. பாக்குறவன் கேக்காமலே தெரியணும், இவன் அவனோட தம்பின்னு."

மறுபடி போட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் எடுத்த படங்களிலேயே, கறுப்பு கறுப்பாகவும் எல்லோரும் சிரித்துக்கொண்டும் இருக்கிற படம் அது ஒன்றுதான். எந்த நாட்டு விசாவுக்கும் செல்லாது.